கையோடு வரும் கணினிப் புழு

கொல்லங்கோடு, பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே தென்மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, மலபார் ஜில்லாவோடு இவ்வூரும் சென்னை இராஜ்யத்திலிருந்து பிரிந்து கேரளத்தோடு சேர்ந்தது. எல்லை மாறியதே அன்றி மக்களின் போக்குவரவு மாறவில்லை. கோவிந்தாபுரம் சாவடியைக் கடந்து பொள்ளாச்சிக்குச் செல்வோரும் அங்கிருந்து வருவோரும் இன்றும் பலர். இடுக்கி ஜில்லாவிலும் இதே நிலைதான். மறையூரில் வாழ்பவருக்கு உடுமலைப்பேட்டையும், பூப்பாறையில் வாழ்பவருக்குப் போடிநாயக்கனூரும், குமுளியில் வாழ்பவருக்குக் கம்பமும் இன்றியமையாத ஊர்கள். பம்பாயிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் தமிழர்களும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இவ்வாறு ஓர் எல்லையைக் கடந்தே தீருகிறார்கள்.

இப்படிச் சென்று வருவோர் முன்னாளில் காகிதக் கட்டுகளைச் சுமந்தனர். இன்று விரல் நீளமுள்ள பென் டிரைவ் ஒன்றே அக்கட்டுகளின் இடத்தைப் பிடித்துவிட்டது. பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், நிலப் பத்திரத்தின் படி, ஓய்வூதிய மனு, கல்யாணப் பத்திரிகை, பெற்றோரின் பழைய புகைப்படம் ஆகிய யாவும் அதனுள் அடங்குகின்றன. தமிழ்நாட்டு இ-சேவை மையத்தில் ஒரு முறை, கேரளத்து அக்ஷயா மையத்தில் ஒரு முறை, அச்சகத்தில் ஒரு முறை, ஜெராக்ஸ் கடையில் ஒரு முறை என்று அது பல கணினிகளில் செருகப்படுகிறது. செருகப்பட்ட இடங்களில் ஏதேனும் ஒன்றில் கணினிப் புழு இருக்குமாயின், நாம் அறியாமலே அதுவும் நம்மோடு ஊர் திரும்புகிறது. அந்தப் புழு எவ்வாறு பரவுகிறது, அதனை எவ்வாறு அகற்றுவது என்பவற்றை இங்கே காண்போம்.

வைரஸ், புழு ஆகிய இரண்டையும் ஒன்றாகவே பேசுவது வழக்கம். இரண்டிற்கும் வேற்றுமை உண்டு. வைரஸ் என்பது வேறொரு நிரலையோ கோப்பையோ பற்றிக்கொண்டு வாழ்வது. அந்தக் கோப்பு இயங்கினால்தான் அதுவும் இயங்கும். புழு என்பது தன்னளவில் முழுமையான ஒரு நிரல். தன்னைத் தானே படியெடுத்துக்கொண்டு ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செல்வதே அதன் தொழில். அவ்வாறு செல்வதற்கு இணையமும் ஒரு வழி. கையில் எடுத்துச் செல்லும் தகடும் ஒரு வழி. இந்த இரண்டாவது வழி மிகப் பழையது. 1982ஆம் ஆண்டு தோன்றிய எல்க் குளோனர் என்பதும், 1986ஆம் ஆண்டு லாகூரிலிருந்து புறப்பட்ட பிரெயின் என்பதும் பிளாப்பித் தகடுகளின் மூலமாகவே பரவின. இணையம் வீடுகளை எட்டாத காலத்திலேயே அவை நாடு விட்டு நாடு சென்றதற்கு, தகட்டைச் சட்டைப் பையில் எடுத்துச் சென்ற மனிதர்களே காரணம். 2000ஆம் ஆண்டில் பென் டிரைவ் விற்பனைக்கு வந்தது. பிளாப்பித் தகட்டின் இடத்தை மெல்ல மெல்ல அது பெற்றது. புழுக்களும் புதிய வாகனத்தில் ஏறிக்கொண்டன.

பென் டிரைவிலிருந்து கணினிக்குள் புழு நுழைவதற்கு மூன்று வாயில்கள் உண்டு.

முதல் வாயில் தானியக்கம். குறுந்தகட்டைச் செருகியதும் அதிலுள்ள நிரல் தானாகவே ஓடத் தொடங்கவேண்டும் என்னும் வசதியை விண்டோஸ் செய்து வைத்திருந்தது. தகட்டில் ஆட்டோரன் என்னும் சிறு குறிப்புக் கோப்பு இருக்கும். எந்த நிரலை ஓட்டவேண்டும் என்று அது கணினிக்குச் சொல்லும். புழுவை ஆக்கியவர்கள் இவ்வசதியைத் தமக்கு உரியதாக்கிக்கொண்டார்கள். பென் டிரைவில் புழுவைக் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து வைத்து, அதனை ஓட்டும்படி சொல்லும் ஆட்டோரன் கோப்பையும் உடன் வைத்தார்கள்.

2008ஆம் ஆண்டு நவம்பரில் தோன்றிய கான்ஃபிக்கர் என்னும் புழு இவ்வழியைத் திறம்படக் கையாண்டது. அதன் முதல் வடிவம் வலையமைப்பின் வழியே பரவியது. அடுத்த மாதமே வெளிவந்த இரண்டாம் வடிவம் பென் டிரைவிலும் ஏறிக்கொண்டது. பென் டிரைவைச் செருகியதும், என்ன செய்யவேண்டும் என்று கேட்கும் சிறு பலகை திரையில் தோன்றும் அல்லவா? அப்பலகையில் 'கோப்புகளைக் காண்க' என்னும் பொருளுடைய வரி வழக்கமாக உண்டு. கான்ஃபிக்கர் அதே சொற்களோடும் அதே படத்தோடும் மற்றொரு வரியை மேலே சேர்த்தது. அந்த வரியைத் தொட்டவர் புழுவை ஓட்டிவிட்டவராவார். உலகெங்கும் பல இலட்சம் கணினிகளை அது பற்றியது. 2009ஆம் ஆண்டு ஜனவரியில் பிரெஞ்சுக் கடற்படையின் வலையமைப்பே அதனால் பாதிக்கப்பட்டது. பின்னர் விண்டோஸ் 7 பென் டிரைவுகளுக்குத் தானியக்கத்தை நிறுத்திவிட்டது. 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில், அதற்கு முந்திய விண்டோஸ் வகைகளுக்கும் அவ்வாறே திருத்தம் வழங்கப்பட்டது. ஆகவே, முறையாகத் திருத்தம் பெற்ற கணினிகளில் இந்த முதல் வாயில் அடைபட்டதாகக் கொள்ளலாம்.

இரண்டாம் வாயில் ஏமாற்று. இன்று நமக்கு மிகுதியாக எதிர்ப்படுவது இதுவே. புழு புகுந்த கணினியில் பென் டிரைவைச் செருகியவுடன், அதிலுள்ள நம் கோப்புறைகளையெல்லாம் புழு மறைத்துவிடுகிறது. அவை அழிவதில்லை, 'மறைவு' என்னும் குறி மட்டும் இடப்படுகிறது. சில புழுக்கள் எல்லாவற்றையும் பெயரே இல்லாததுபோல் தோன்றும் ஒரு கோப்புறைக்குள் தள்ளிவிடுவதும் உண்டு. பிறகு மறைக்கப்பட்டவற்றின் பெயரிலேயே குறுக்குவழிச் சின்னங்களை, அதாவது ஷார்ட்கட்டுகளை, ஆக்கி வைக்கின்றன. நாம் 'சான்றிதழ்கள்' என்று பெயரிட்ட கோப்புறையைத் தேடிச் செல்கிறோம், அப்பெயரில் மஞ்சள் நிறப் படத்தோடு ஒன்று நிற்கிறது, தொடுகிறோம். அக்கணமே இரண்டு காரியங்கள் நடைபெறுகின்றன. முதலில் புழு ஓடிக் கணினிக்குள் குடியேறுகிறது. அடுத்து, மறைந்துள்ள உண்மைக் கோப்புறையையும் அதுவே திறந்து காட்டுகிறது. நமக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆதலால் ஐயம் எழுவதில்லை. இத்தகைய புழு நெடுநாள் அகப்படாமல் திரிவதற்கு இதுவே காரணம். கோப்புறையின் படத்தைப் போர்த்துக்கொண்ட நிரல்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே. 2005ஆம் ஆண்டு இந்தோனேசியாவில் தோன்றிய பிராண்டாக் என்னும் புழு இத்தந்திரத்தைக் கையாண்டது.

மூன்றாம் வாயில் விண்டோஸில் இருந்த பிழை. 2010ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பெலாரஸ் நாட்டு நிறுவனம் ஒன்று கண்டறிந்த ஸ்டக்ஸ்நெட் என்னும் புழு, குறுக்குவழிச் சின்னத்தின் படத்தை விண்டோஸ் திரையில் வரையும் முறையில் இருந்த பிழையைப் பயன்படுத்தியது. சின்னத்தைத் தொடவேண்டியதில்லை, பென் டிரைவைத் திறந்து பார்த்தாலே போதும், புழு உட்புகுந்துவிடும். ஈரான் நாட்டின் நதான்ஸ் நகரில் யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழல் இயந்திரங்களைக் கெடுப்பதே அதன் நோக்கம். அந்நிலையத்தின் கணினிகள் இணையத்தோடு இணைக்கப்படாதவை. அந்த இடைவெளியைக் கடப்பதற்காகவே புழு பென் டிரைவில் பரவும்படி அமைக்கப்பட்டது. ஆயினும் ஏவியவர் நினைத்த எல்லையில் அது நிற்கவில்லை. 2010ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் சைமான்டெக் நிறுவனம் கணக்கிட்டபோது, புழு பற்றியிருந்த ஏறத்தாழ ஒரு லட்சம் கணினிகளில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு ஈரானிலும், பதினெட்டு இந்தோனேசியாவிலும், பத்து இந்தியாவிலும் இருந்தன. அயல் நாட்டு இயந்திரம் ஒன்றைக் குறிவைத்து எய்த அம்பு, தொடர்பே இல்லாத நம் நாட்டுக் கணினிகளையும் வந்து தைத்தது. அப்பிழைக்குரிய திருத்தம் அவ்வாண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் வெளிவந்தது.

தமிழ்நாட்டு நிகழ்ச்சி ஒன்றையும் இங்கே கருதலாம். 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினி ஒன்றில் தீய நிரல் இருப்பதை நாட்டின் கணினி அவசர உதவிக் குழு தெரிவித்தது. அணுமின் கழகம் அக்டோபர் 30ஆம் நாள் அதனை ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட கணினி நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைக்கப்பட்டது என்றும், உலையை இயக்கும் உள் வலையமைப்பு அதனின்றும் பிரிக்கப்பட்டது என்றும் அறிக்கை கூறியது. டிடிராக் எனப்படும் அந்நிரல் தகவல்களைத் திருடும் வகையைச் சேர்ந்தது. பென் டிரைவுப் புழு அன்று. எனினும் அதனால் நாம் பெறும் பாடம் ஒன்று உண்டு. இரண்டு வலையமைப்புகளுக்கு இடையே உள்ள பிரிவே அங்கே காப்பாக நின்றது. அத்தகைய பிரிவைத் தாண்டும் பாலம் எது? இரு பக்கமும் மாறி மாறிச் செருகப்படும் பென் டிரைவே. அணுமின் நிலையத்திற்குப் பொருந்தும் இவ்வுண்மை, இணையமே இல்லாத நம் வீட்டுக் கணினிக்கும் பொருந்தும். 'எங்கள் கணினியில் இணையம் இல்லை. ஆகவே அச்சமில்லை' என்று சொல்வதற்கு இடமில்லை.

தமிழர்களுக்கென்றே உரிய தனிக் காரணம் ஒன்றும் உண்டு. தமிழ் எழுத்துருக்கள் நெடுங்காலம் பலவகைப்பட்டிருந்தன. ஒரு கடையில் தட்டெழுதிய அழைப்பிதழ் மற்றொரு கடையில் திறந்தால் புரியாத குறிகளாகத் தோன்றும். 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டபோதிலும், அச்சுத் தொழிலில் பழைய எழுத்துருக்கள் மறையவில்லை. தமிழ் அச்சகம் அரிதாக உள்ள வெளி மாநில ஊர்களில் வாழ்வோர், கோப்போடு எழுத்துருவையும், சில வேளைகளில் தட்டச்சு நிரலையும் பென் டிரைவில் சேர்த்தே கொண்டு செல்லப் பழகிவிட்டனர். பென் டிரைவில் நிரல் கிடப்பதும் அதனைத் தொட்டு ஓட்டுவதும் நமக்கு இயல்பாகிவிட்டன. புழு எதிர்பார்ப்பதும் இப்பழக்கத்தையே. கோப்பை பி.டி.எஃப். வடிவில் மாற்றிக்கொண்டால், எழுத்துருவும் அதனுள்ளேயே அடங்கிவிடும். அதனைத் தொலைபேசி வழியாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்பினால் பென் டிரைவே வேண்டியதில்லை.

புழு பற்றியிருப்பதை அறிவதற்குச் சில அடையாளங்கள் உள்ளன. பென் டிரைவில் உள்ள கோப்புறைப் படங்களின் மூலையில் சிறு அம்புக்குறி காணப்படுதல். நிறைந்திருந்த பென் டிரைவு வெறுமையாகத் தோன்றியும் அதன் இடம் குறைந்தே காட்டப்படுதல். நாம் வைக்காத கோப்புகள் இருத்தல். அழித்த சின்னங்கள் சில நொடிகளில் மீண்டும் தோன்றுதல் ஆகியவை அவை. இறுதியில் சொன்ன அடையாளம் இருக்குமாயின், செருகியுள்ள கணினியிலேயே புழு விழித்திருக்கிறது என்பது உறுதி.

இனி, அகற்றும் முறையைப் பார்ப்போம். இங்கே வரிசை முக்கியமானது. பலரும் முதலில் பென் டிரைவைத் துடைக்கிறார்கள். கணினியில் புழு இருக்கும்வரை, துடைத்த பென் டிரைவைச் செருகிய மறுகணமே அது மீண்டும் வந்து ஒட்டும். ஆகவே கணினியை முதலிலும் பென் டிரைவை அடுத்தும் தூய்மை செய்யவேண்டும்.

முதற்படியாக, பென் டிரைவைக் கழற்றி வைத்துவிட்டு, விண்டோஸையும் அதன் காவல் நிரலாகிய டிஃபெண்டரையும் புதுப்பித்துக்கொள்ளவேண்டும். புதுப்பித்தல் முடிந்தபின் இணையத் தொடர்பைத் துண்டிக்கலாம். அடுத்து, விண்டோஸ் செக்யூரிட்டி என்னும் பகுதியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புக்குரிய பிரிவில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் என்பதைத் தொட்டு, டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் என்னும் சோதனையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். திறந்துள்ள வேலைகளை முன்னதாகச் சேமித்துக்கொள்வது அவசியம். ஏனெனில் கணினி தானே அணைந்து மறுபடி தொடங்கும். விண்டோஸ் எழுவதற்கு முன்பே இச்சோதனை நடைபெறுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் புழு தன்னை மறைத்துக்கொள்ள வல்லது. உறங்கும்போது அதற்கு அவ்வாற்றல் இல்லை. ஏறத்தாழ கால் மணி நேரத்தில் இது முடிவுறும். அதன் பிறகு முழுச் சோதனை ஒன்றையும் நடத்துதல் நலம்.

இரண்டாம் படியாக, பென் டிரைவைச் செருகவேண்டும். உள்ளே எதனையும் தொடலாகாது. அதன் பெயர்மேல் வலப் பொத்தானை அழுத்தி, டிஃபெண்டரைக் கொண்டு சோதிக்கவேண்டும். பின்னர் விண்டோஸின் கோப்புப் பார்வையில், மறைந்த கோப்புகளையும், 'பாதுகாக்கப்பட்ட அமைப்புக் கோப்புகள்' எனப்படுபவற்றையும், கோப்புப் பெயர்களின் ஈற்றையும் காட்டும்படி அமைக்கவேண்டும். ஈறு என்பது பெயரின் இறுதியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துக்கள். கோப்புறை போல் தோன்றும் ஒன்றின் ஈறு இ.எக்ஸ்.இ. என்றோ வி.பி.எஸ். என்றோ முடிந்தால் அது வேடதாரி. குறுக்குவழிச் சின்னங்களின் ஈற்றை மட்டும் விண்டோஸ் இவ்வாறு அமைத்தாலும் காட்டுவதில்லை. அவற்றை அம்புக்குறியாலும், 'வகை' என்னும் பத்தியில் ஷார்ட்கட் என்று இருப்பதாலும் அறியலாம்.

மூன்றாம் படியாக, மங்கலாகத் தோன்றும் உண்மைக் கோப்புறைகளைத் திறந்து, உள்ளே இருக்கும் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் கணினியில் புதிதாக ஆக்கிய கோப்புறை ஒன்றில் படியெடுக்கவேண்டும். குறுக்குவழிச் சின்னங்களையும் நிரல்களையும் எடுக்கலாகாது. எடுத்தவற்றைத் திறந்து, சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்ட பின்னரே பென் டிரைவை ஃபார்மட் செய்யவேண்டும். பலர் பென் டிரைவு வெறுமையாக இருப்பதைக் கண்டு, எல்லாம் போயிற்று என்று கலங்கி உடனே ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். மறைந்து மட்டும் இருந்த சான்றிதழ்களும் புகைப்படங்களும் அச்செயலால்தான் உண்மையிலேயே போய்விடுகின்றன. பல குடும்பங்களில் புழு செய்யாத கேட்டை அவசரம் செய்துவிடுகிறது.

நான்காம் படியாக, ஃபார்மட் செய்த பென் டிரைவை ஒரு முறை கழற்றிச் செருகிப் பார்க்கவேண்டும். அதில் எதுவும் புதிதாகத் தோன்றாவிடில் கணினியும் தூயது எனக் கொள்ளலாம். சின்னங்கள் மறுபடியும் முளைக்குமானால், ஆவணங்களைப் பத்திரப்படுத்திவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே ஏற்ற வழி. புழு இருந்த காலத்தில் அக்கணினியில் வங்கிக் கணக்கைத் திறந்திருப்பின், கடவுச்சொல்லை வேறு தூய கணினியிலிருந்தோ தொலைபேசியிலிருந்தோ மாற்றவேண்டும். பணம் இழந்தவர்கள் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைக்கலாம்.

லினக்ஸ் கணினி கிடைக்குமாயின் இவ்வேலை எளிதாகும். கேரள அரசுப் பள்ளிகளில் கைட் நிறுவனம் வழங்கும் லினக்ஸே பயன்படுகிறது. ஆதலால் எல்லைப்புறத் தமிழ்ப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுக்கும் அது பழக்கமானது. விண்டோஸுக்கென எழுதப்பட்ட புழு லினக்ஸில் ஓடுவதில்லை. விண்டோஸ் மறைத்த கோப்புகளும் அங்கே பெரும்பாலும் வெளிப்படையாகவே தெரியும். ஒன்றை மட்டும் மறத்தலாகாது. லினக்ஸில் புழு செயலற்றுக் கிடக்கிறதே அன்றிச் சாவதில்லை. நீக்காமல் எடுத்துச் சென்றால், அடுத்த விண்டோஸ் கணினியில் மீண்டும் உயிர் பெறும்.

வருமுன் காத்தலுக்குச் சில வழிகளைச் சொல்லி முடிப்போம். வெளியிடங்களில் செருகுவதற்கென்று ஒரு பென் டிரைவைத் தனியே வைத்துக்கொண்டு, அதில் அன்றைக்கு வேண்டிய கோப்பை மட்டும் இடுக. மூல ஆவணங்களின் படி வீட்டிலும் வேறோர் இடத்திலும் இருக்கட்டும். புகைப்படக் கடைக்குக் கொடுக்கும் பெரிய மெமரி கார்டின் பக்கவாட்டில் ஒரு சிறு பூட்டு உண்டு; அதனைத் தள்ளிவிட்டுக் கொடுத்தால் அங்கே எதுவும் எழுதப்படாது. விண்டோஸ் 7க்குரிய திருத்தங்கள் 2020ஆம் ஆண்டு ஜனவரியிலும், விண்டோஸ் 10க்குரிய பொதுவான திருத்தங்கள் 2025ஆம் ஆண்டு அக்டோபரிலும் நின்றுவிட்டன. அவற்றை வைத்திருப்போர் மேலும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். மத்திய அரசு 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரம், தீய நிரல்களை நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்குகிறது. கண்டெடுத்த பென் டிரைவில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வதும் ஒரு காப்பே.

கணினி மையம் நடத்துவோருக்கும் ஒரு சொல். நூறு பேர் நீர் எடுக்கும் கிணற்றைக் காப்பவரின் கடமை அவர்களுக்கு உண்டு. ஒரு மையத்தின் கணினியில் புழு இருந்தால், ஒரே நாளில் அது மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்திற்கும், முதலமடை மாந்தோப்புக்கும், அங்கிருந்து பெங்களூருக்கும் சென்றுவிடும். வாடிக்கையாளர் தரும் பென் டிரைவைச் சோதித்த பின்னரே திறப்பது என்னும் வழக்கத்தை ஒவ்வொரு மையமும் மேற்கொள்ளுமாயின், வெளியூரில் வாழும் நம்மவர்கள் தம் ஆவணங்களை அச்சமின்றி எடுத்துச் செல்லலாம். சோதிப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். தொலைந்த சான்றிதழை மறுபடி பெறுவதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதை, மாநிலம் விட்டு மாநிலம் அலைந்தவர் நன்கு அறிவர்.